கத்திரி வெயிலில் யோகா செய்யலாமா? வேலூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. வேலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எடை 60 கிலோ. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கை நடுங்குகிறது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிவதில்லை. மே விடுமுறையில்தான் எனக்கென்று நேரம் கிடைக்கும் என்பதால், இந்தக் கோடையில் யோகா செய்து உடம்பைத் தேற்றிவிடலாம் என்று தொடங்கினேன். கைப்பேசியில் வீடியோ பார்த்து, மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்கு சூரிய நமஸ்காரம் 24 சுற்று, அதன் பிறகு கபாலபாதி. வியர்த்துக் கொட்டியது. நான்கே நாளில் ஒரு கிலோ குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஐந்தாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தூங்கவிடவில்லை. ரத்த அழுத்தத்துக்கு தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜூன் 21 யோகா தினத்தன்று ஆசிரியர்கள் எல்லோரும் 108 சூரிய நமஸ்காரம் செய்வதாகப் பள்ளியில் பேச்சு இருக்கிறது. அம்மாவோ, "கத்திரி வெயில்ல உடம்பைப் போட்டு வருத்தாதே, ஆடி பொறக்கட்டும்" என்கிறார். அவருக்கு வயது 72; அவரும் ஏதாவது செய்யலாமா? நான் விட்டுவிடுவதா, தொடர்வதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொடருங்கள். ஆனால் நீங்கள் செய்துவந்த முறையில் வேண்டாம். அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடலாம். கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும். நீர் மாத்திரை என்று சொல்வார்கள். தனியாகவும் வரும், வேறு மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வரும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா? பல கூட்டு மாத்திரைகளில் பெயரின் கடைசியில் ஆங்கில 'ஹெச்' எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் இந்த வகையைத்தான் குறிக்கும். மருந்து ஒரு பக்கம் நீரை வெளியேற்ற, வேர்வை இன்னொரு பக்கம் வெளியேற்ற, நீங்கள் மாடியில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தால் கண் இருட்டத்தான் செய்யும். வேறு சில மாத்திரைகள் இதயத் துடிப்பு கூடாமல் பிடித்துவைப்பவை. அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு, உடம்பு எவ்வளவு சிரமப்படுகிறது என்பது நாடித் துடிப்பில் சரியாகத் தெரியாது.

எந்த வகையாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாக உடைத்தும் சாப்பிடாதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கண் இருட்டியதைச் சொல்லி, உட்கார்ந்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடம், மூன்று நிமிடம் கழித்தும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருந்தின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். அது தெரியும்வரை குனிந்து நிமிரும் பயிற்சி எதுவும் வேண்டாம்.

இனி அந்த ஐந்தாம் நாளைப் பார்ப்போம். வெயில் காலத்தில் உடம்பு தன் சூட்டை வெளியேற்ற, தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. அதற்காகத் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். அதே நேரத்தில் உடற்பயிற்சி செய்தால் தசைகளும் ரத்தம் கேட்கும். இருப்பதோ அதே ரத்தம், அதுவும் வேர்வையால் கொஞ்சம் குறைந்துபோன ரத்தம். சூரிய நமஸ்காரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தலை கீழே போய் மேலே வருகிறது. நிதானமாகச் செய்தால் உடம்பு ஒவ்வொரு முறையும் குழாய்களைச் சுருக்கி ஈடுகட்டிக்கொள்ளும். வேகமாகச் செய்யும்போது, அதுவும் வெயிலில், அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. நிமிர்ந்த கணத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

அது போதாதென்று கபாலபாதி. வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். 24 சுற்று முடித்த கையோடு இதைச் செய்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கபாலபாதி, மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்த்ரிகா இரண்டையும் நேரில் ஓர் ஆசிரியர் இல்லாமல் செய்யவே கூடாது. உங்களுக்கு இந்தக் கோடை முழுக்க இரண்டும் வேண்டாம். வீடியோ எடுப்பவருக்கு உங்கள் வயதும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. குளிர்சாதன அறையில் செய்து காட்டும் 25 வயதுக்காரரின் வேகத்தை வேலூர் மொட்டை மாடியில் பிடிக்கப் பார்ப்பது உங்கள் உடம்புக்குச் செய்யும் அநியாயம்.

குறைந்த அந்த ஒரு கிலோவும் கொழுப்பு கிடையாது, பெரும்பாலும் தண்ணீர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்களுக்கே தெரியும்: அரை கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் வேர்வையாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வேலூர் போன்ற வறண்ட ஊரில் வேர்வை உடனே ஆவியாகிவிடுவதால், போனது எவ்வளவு என்பதே தெரியாது. சென்னைவாசிகளுக்கு வேறு பிரச்சினை: காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை ஆவியாகாமல் வழியும், உடம்பு குளிராது. இரவில் கெண்டைக்கால் பிடித்ததற்கு நீரும் உப்பும் குறைந்ததும் காரணமாக இருக்கலாம், பழக்கமில்லாத தசைக்குத் திடீரென்று கொடுத்த வேலையும் காரணமாக இருக்கலாம். நீர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆயுர்வேத நூல்கள் உடற்பயிற்சிக்கு 'அர்த்த சக்தி' என்று ஓர் அளவு வைத்திருக்கின்றன. பலத்தில் பாதி என்று பொருள். நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வேர்வை துளிர்த்து, வாய் உலர ஆரம்பித்தால் பாதி வந்துவிட்டது, நிறுத்திக்கொள் என்பது கணக்கு. அந்தப் பாதி அளவுகூடக் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும்தான். கோடையில் அதையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே குறைப்பது சரி. ஆடி வரை அடியோடு நிறுத்துவது சரியில்லை. 30 வயதைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சி இல்லாவிட்டால் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையும். கை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாமல் போவது தசை குறைவதன் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். உங்களுக்கு இப்போது தேவை பலம். பலம் வர 24 சுற்று வேண்டாம். சில நிலைகளை மெதுவாகச் செய்து, அங்கே நிற்கப் பழகினால் போதும். கடைசி முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் சென்னையில் கழித்த யோகா ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியா (1888–1989), பயிற்சியை ஆளுக்கும் வயதுக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும், அசைவு மூச்சோடு சேர்ந்து நிதானமாக நடக்க வேண்டும் என்பதைத்தான் அங்கே கற்றுக்கொடுத்தார். கோடையில் நான் நம்புவதும் அந்த வழியைத்தான்.

மாடியை விட்டு இறங்குங்கள். மே மாதத்தில் உங்கள் ஊரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. ஏழு மணிக்கு வெயில் முகத்தில் அடிக்கும். நாளின் குறைந்த சூடு விடியலை ஒட்டித்தான். ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் செய்யலாமே என்று தோன்றும். பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அதனால் கத்திரி முடியும்வரை காலையே நல்லது. வீட்டுக்குள், ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். விசிறி போட்டால் யோகாவின் பலன் போய்விடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். வேர்வை ஆவியாவதற்குத்தான் காற்று. கோரைப் பாய் குளிர்ச்சி, ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும். நின்று செய்யும் பயிற்சிகளுக்கு வெறும் தரையே மேல். ஒரு பருத்தித் துண்டு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உள்ளங்கை ஈரமாக இருக்கும்போது கை ஊன்றும் எதையும் செய்ய வேண்டாம்.

மருத்துவர் சரி என்ற பிறகு, தரையிலிருந்து எழுவதற்கான பயிற்சியிலிருந்து ஆரம்பியுங்கள். இது உத்கடாசனத்தின் எளிய வடிவம். கை வைக்காத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு இருக்கட்டும். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைத் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே, மனதுக்குள் நான்கு எண்ணி, இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்குங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். எடை குதிகாலில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கால் விரல்களை லேசாகத் தூக்க முடிந்தால் சரியாக நிற்கிறீர்கள் என்று அர்த்தம். நாற்காலியில் பொத்தென்று விழாமல் தொட்டதும் ஒரு மூச்சு இழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். இறங்கும் அந்த நான்கு எண்ணிக்கையில்தான் தொடைக்கு உண்மையான வேலை. அவசரமாக இருபது முறை செய்வதைவிட இப்படி எட்டு முறை செய்வது கடினம். செய்து பாருங்கள், தெரியும். எட்டு சுலபமாகிவிட்டால் பாதி வழியில் மூன்று மூச்சு நில்லுங்கள். அதுவும் சுலபமானால் நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த ஸ்டூல், அப்புறம் மணை. மணையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்தால் தரை தூரமில்லை. முழங்காலில் வலி வந்தால் அந்த உயரத்துக்கு மேலேயே நின்றுகொள்ளுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்.

கைக்கும் தோளுக்கும், தண்டால் போலத் தரையில் செய்யும் சதுரங்க தண்டாசனம் இப்போது வேண்டாம். சமையல் மேடையில் கை ஊன்றி, மூன்றடி பின்னால் நகர்ந்து, தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக நில்லுங்கள். முழங்கையை மடக்கி நெஞ்சை மேடைக்குக் கொண்டுபோய், மூச்சை விட்டுக்கொண்டே தள்ளி வாருங்கள். ஆறு முறை போதும். தலை கீழே போகாது என்பதால் கண் இருட்டும் பயமும் இல்லை. முதுகுக்கும் பின்தொடைக்கும், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், குப்புறப் படுத்து ஒவ்வொரு காலாகத் தூக்கும் சலபாசனம். நிற்கும் சமநிலைக்கு, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம்.

யோகாசனங்களில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தள்ளும் வேலை நிறைய இருக்கிறது. எடையைப் பிடித்துத் தூக்கும் வேலை அநேகமாக இல்லை. குடம் தூக்கக் கை நடுங்குகிறது என்றால் அதற்குத் தூக்கித்தான் பழக வேண்டும். இரண்டு வாளிகளில் கால் பங்கு தண்ணீர் பிடித்து, கைக்கு ஒன்றாக, முதுகு நிமிர்ந்து, வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நடங்கள். வாரம் ஆக ஆகத் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம்.

எதிலும் மூச்சை அடக்காதீர்கள். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஒரு வரி பேச முடிகிறதா என்று அவ்வப்போது பேசிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள், அரை மணி நேரம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அதற்கு இது தாராளம். நடுவில் வரும் நாட்களில்தான் தசை தன்னைச் சீர்படுத்திக்கொண்டு வலுவாகும். அந்த நாட்களில் விடியற்காலை நடையும் கை கால் நீட்டும் எளிய அசைவுகளும் போதும். புதிதாக வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ரத்தத்தின் நீரளவு கூடும், வேர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். அதனால் முதல் வாரம் நான் சொன்னதில் பாதி மட்டும் செய்யுங்கள். கடைசியில் சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுத்திருப்பது, பத்து நிமிடம். கோடையில் இதை வெட்டவே கூடாது. எழும்போது பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள்.

பிராணாயாமத்தில் சீதளி செய்யலாம். நாக்கைக் குழலாக மடித்து அதன் வழியாக மூச்சை இழுத்து, வாயை மூடி மூக்கு வழியாக விட வேண்டும். நாக்கு மடிக்க வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பல்லிடுக்கு வழியாக இழுக்கும் சீத்காரி செய்தால் போதும். ஈர நாக்கின் மேல் காற்று போவதால் அங்கே குளிர்கிறது, மூச்சு நிதானமாவதால் மனம் அடங்குகிறது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சீதளி செய்துவிட்டேன், இனி பன்னிரண்டு மணி வெயிலில் போகலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். வாய் வழியாக இழுக்கும்போது மூக்கின் வடிகட்டல் இல்லை, ஆகவே தெருப் புழுதி வரும் இடத்தில் வேண்டாம். ஆஸ்துமா, சளி இருந்தால் தவிர்த்துவிட்டு, வண்டு போல ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரி செய்யுங்கள்.

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து இருபது நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். முடிந்ததும் நீர்மோர் அல்லது நீராகாரம். உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் இருப்பதால் பொதுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வேர்வையில் போன உப்பை அது ஈடுகட்டாது. சில ரத்த அழுத்த மருந்துகளே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை என்பதால் நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் இருக்கிறது என்று கொள்ளலாம்.

சாப்பாட்டை யாரும் கவனிப்பதில்லை. கோடையில் பசி மந்தமாகி, தயிர் சாதமும் ஊறுகாயுமாக நாள் ஓடிவிடும். புரதம் இல்லாமல் தசை எதிலிருந்து வளரும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி கிலோவுக்கு 0.83 கிராம், உங்கள் எடைக்கு நாளுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் சுமார் 13 கிராம் கிடைக்கும். காலையில் பயறு, மாலையில் சுண்டல், மதியம் பருப்பும் கெட்டித் தயிரும் என்று பிரித்து வைத்துக்கொண்டால் வயிற்றுக்கும் பாரமில்லை.

108 சுற்று விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான், உங்களுக்கு மட்டுமல்ல, பழக்கமில்லாத ஆசிரியர்கள் யாருக்குமே வேண்டாம். ஜூன் மூன்றாம் வாரத்திலும் வேலூரில் சூடு தணிந்துவிடாது. தலைமை ஆசிரியரிடம் ஒன்று சொல்லுங்கள்: 2015இல் முதல் யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொதுப் பயிற்சி முறையில் சூரிய நமஸ்காரமே சேர்க்கப்படவில்லை. கழுத்து, தோள் அசைவுகளில் தொடங்கி, தாடாசனம், விருட்சாசனம் என்று எளிதாகப் போகும் முறை அது. கபாலபாதியும் அதில் வரும். அந்த நேரம் நீங்கள் சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து அதைச் செய்யலாமே.

பயிற்சியின்போது தலைவலி, குமட்டல், தோலில் சில்லிட்ட வேர்வை, படபடப்பு வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, நிழலில் காலைச் சற்று உயர்த்திப் படுத்து, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, நினைவு தடுமாறினாலோ 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். வெப்பத் தாக்கு என்று தோன்றினால் ஆம்புலன்ஸ் வரும்வரை வீட்டில் உள்ளவர்கள் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவும் தாராளமாகச் செய்யலாம். அவருடைய மருந்துகளை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சோடு கையை உயர்த்தி இறக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, அப்புறம் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. பத்து நிமிடம் போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அந்த வயதில் தாக உணர்வு மங்கிவிடும். தாகமே இல்லை என்று சொல்லிக்கொண்டே உடம்பு வறண்டுபோகும். இதய, சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, நீங்கள் குடிக்கும்போதெல்லாம் அவருக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.